ஸ்டீயரிங் வீல் வாங்கியும் கார் கன்ட்ரோலுக்கு வரலையா? எந்த ரேஸிங் கேமுக்கு எந்த ஃபோர்ஸ் ஃபீட்பேக் செட்டிங்? முழு விளக்கம்!

பல மாதம் காசு சேர்த்தோ, இஎம்ஐ போட்டோ ஒரு ரேஸிங் வீல் வாங்கியாச்சு. டேபிளில் மாட்டி, கேமைத் திறந்து, முதல் வளைவுக்குப் போனா கார் நேரா சுவர்ல! நேர் ரோட்டில் வீல் தானாக ஆடுது, வளைவில் கல்லு மாதிரி கனக்குது. கன்ட்ரோலரில் ஓட்டியபோது வந்த லேப் டைம்கூட வரமாட்டேங்குது. "வீல்ல ஏதோ கோளாறு, திருப்பிக் கொடுத்துடலாமா?" என்ற யோசனையும் வந்துவிடும்.

கொஞ்சம் பொறுங்க. பெரும்பாலான நேரத்தில் கோளாறு வீலில் இல்லை, செட்டிங்கில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கேமும் வீலுக்கு வேறு வேறு விதமாக விசையை அனுப்புகிறது. ஒரு கேமுக்குச் சரியாக இருக்கும் செட்டிங் இன்னொரு கேமில் சொதப்பும். வீலைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், அதைவிட விலை கூடிய வீலைத் தேடுவதற்கு முன், ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி இதை முயற்சி செய்து பாருங்கள்.

ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்றால் என்ன?

வீலுக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. கேமில் காரின் முன் டயர்களுக்கு என்ன நடக்கிறதோ, அதைக் கணக்குப் போட்டு அந்த மோட்டார் வழியாக உங்கள் கைக்கு அனுப்புவதுதான் ஃபோர்ஸ் ஃபீட்பேக். சுருக்கமாக எஃப்எஃப்பி.

செல்போன் வைப்ரேஷன் மாதிரிதானே என்று நினைக்க வேண்டாம். வைப்ரேஷனுக்குத் திசை கிடையாது. ஃபோர்ஸ் ஃபீட்பேக்குக்குத் திசையும் உண்டு, அளவும் உண்டு. வீலை இடது பக்கம் திருப்பினால், அது உங்களை நேர் பக்கம் இழுக்கும். எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதில்தான் முழுத் தகவலும் இருக்கிறது.

நிஜக் காரில் இது எப்படி நடக்கிறது? வளைவில் டயர் மீது பக்கவாட்டு விசை வருகிறது. அந்த விசை டயர் தரையைத் தொடும் இடத்தின் நட்டநடுவில் விழாது. சற்றுப் பின்தள்ளித்தான் விழும். இந்தச் சின்ன இடைவெளி நெம்புகோல் மாதிரி வேலை செய்து, சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. அதனால்தான் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருகிறது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். டயரின் பிடி அதன் எல்லையை நெருங்கும்போது அந்த இடைவெளி சுருங்கும். உடனே ஸ்டீயரிங் லேசாகும். அதாவது, டயர் முழுசாக வழுக்குவதற்குக் கொஞ்சம் முன்னாடியே "இதுக்கு மேல திருப்பாதே" என்று வீல் உங்கள் கைக்குச் சொல்லிவிடும். நல்ல டிரைவர்கள் கையில் தேடுவது இந்தச் சிக்னலைத்தான். நாம செட்டிங் பண்ணுவதே இந்தச் சிக்னல் கெடாமல் கைக்கு வந்து சேரணும் என்பதற்காகத்தான்.

உங்கள் வீல் எந்த ரகம்?

செட்டிங்கைத் தொடும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

* கியர் வகை: லாஜிடெக் ஜி29, ஜி920, ஜி923 போன்றவை. மோட்டாருக்கும் வீலுக்கும் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும். விசை சுமார் 2 நியூட்டன் மீட்டர். சின்ன விசைகளைப் பல்சக்கர உராய்வே விழுங்கிவிடும்.

* பெல்ட் வகை: த்ரஸ்ட்மாஸ்டர் டி300 போன்றவை. விசை சுமார் 4 நியூட்டன் மீட்டர். கியர் வகையைவிட மென்மையாக இருக்கும்.

* டைரக்ட் டிரைவ்: வீல் நேராக மோட்டார் தண்டிலேயே மாட்டப்பட்டிருக்கும். 2021-ல் வந்த ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5 நியூட்டன் மீட்டர், பெரிய பவர் அடாப்டர் போட்டால் 8. மோஸா ஆர்9 9 நியூட்டன் மீட்டர். சிமுக்யூப் 2 ப்ரோ 25 வரை போகும்.

நியூட்டன் மீட்டர் என்றால் எவ்வளவு? 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வீலின் விளிம்பைப் பிடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2 நியூட்டன் மீட்டர் என்பது உங்கள் கையில் சுமார் 1.4 கிலோ தொங்குவது மாதிரி. 8 என்றால் சுமார் 5.4 கிலோ. 25 என்றால் கிட்டத்தட்ட 17 கிலோ! அதனால் நண்பர் வீட்டு செட்டிங் எண்களை அப்படியே காப்பி அடித்தால் வேலைக்கு ஆகாது. அவர் வீலும் உங்கள் வீலும் ஒரே ரகமாக இருந்தால் மட்டுமே அது பொருந்தும்.

'கிளிப்பிங்': பலரும் செய்யும் முதல் தவறு

புது வீல் வாங்கியதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். கெயினை 100-க்கு ஏற்றிவிடுவது. கனமாக இருந்தால் நிஜக் கார் மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கை. ஆனால் நடப்பது நேர்மாறு.

கோயில் திருவிழாவில் கூம்பு ஸ்பீக்கரை முழு வால்யூமில் வைத்தால் என்ன ஆகும்? பாட்டு சத்தமாகக் கேட்கும், ஆனால் ஒரு வார்த்தைகூட புரியாது. வீலிலும் அதே கதைதான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். உங்கள் வீல் அதிகபட்சம் 2 நியூட்டன் மீட்டர்தான் தரும். கேமில் ஒரு வளைவில் கணக்குப்படி 10 வருகிறது, அதைவிட வேகமான இன்னொரு வளைவில் 20 வருகிறது. 20-ஐ 2-ஆகச் சுருக்கினால், 10 என்பது 1 ஆக வரும். இரண்டுக்கும் வித்தியாசம் கையில் தெரியும். நீங்கள் கெயினை இரண்டு மடங்காக்கினால், 10-லேயே வீல் தன் முழு பலமான 2-ஐத் தொட்டுவிடும். 10-லிருந்து 20 வரை எல்லாமே ஒரே 2-தான். இதற்குப் பெயர்தான் கிளிப்பிங்.

டயர் எல்லையைத் தொடுவது விசை உச்சத்தில் இருக்கும்போதுதான். கிளிப்பிங் வெட்டி எறிவதும் அந்த உச்சியைத்தான். வீல் லேசாகி உங்களை எச்சரிக்க வேண்டிய நொடியில், அது மாறாத கனத்தோடு அப்படியே நிற்கும். நீங்கள் இன்னும் திருப்புவீர்கள். கார் வெளியே போய்விடும். தப்பு உங்கள் மேல் இல்லை, வீல் உங்களிடம் உண்மையைச் சொல்லவில்லை.

முதல்ல இந்த 5 வேலையை முடிங்க!

எந்த கேமாக இருந்தாலும் வரிசை இதுதான். மாற்ற வேண்டாம்.

1. வீலின் சாஃப்ட்வேர்: கம்ப்யூட்டரில் விளையாடுபவர்கள் முதலில் வீல் நிறுவனத்தின் சாஃப்ட்வேரைத் திறந்து ஃபர்ம்வேரை அப்டேட் செய்யுங்கள். திருப்பும் கோணத்தை 900 டிகிரிக்கு வையுங்கள். 'சென்டரிங் ஸ்பிரிங்' என்ற வசதியை ஆஃப் செய்யுங்கள். அது காரின் நிலையைப் பற்றிக் கவலைப்படாமல் எப்போதும் வீலை நடுவுக்கு இழுக்கும் போலி விசை. த்ரஸ்ட்மாஸ்டர் கன்ட்ரோல் பேனலில் மொத்த பலம் 75 சதவீதம் என்றுதான் வரும். அதை அப்படியே விடுங்கள்.

2. கோணம் பொருந்துகிறதா?: கேமுக்குள் டிரைவர் சீட் கேமராவுக்குப் போங்கள். உங்கள் வீலைச் சரியாகக் கால் சுற்று திருப்புங்கள். திரையில் உள்ள வீலும் கால் சுற்று திரும்பினால் ஓகே. இல்லையென்றால் முதலில் கேலிபரேஷனைச் சரிசெய்யுங்கள். இது தப்பாக இருந்தால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

3. ஒரே கார், ஒரே டிராக்: சோதனைக்கு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு காரையும் ஒரு டிராக்கையும் தேர்ந்தெடுங்கள். ஜிடி3 ரக கார் நல்ல தேர்வு. பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில் ஓ ரூஜ் என்ற இடத்தில் கார் பள்ளத்தில் இறங்கி உடனே மேட்டில் ஏறும். டயர் மீது பாரம் எகிறும் இடம் அது. கிளிப்பிங் இருக்கிறதா என்று பார்க்க அருமையான இடம்.

4. எஃபெக்ட் எல்லாம் பூஜ்யம்: ரோடு எஃபெக்ட், கெர்ப் எஃபெக்ட், ஸ்லிப் எஃபெக்ட் என்று எது இருந்தாலும் முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இவை பெரும்பாலும் டயர் கணக்கில் இல்லாத, மேலே தூவப்படும் மசாலா. சாதம் வெந்ததா என்று பார்த்த பிறகு மசாலா போடலாம்.

5. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்: ஒரே ஒரு செட்டிங்கை மாற்றுங்கள், மூன்று லேப் ஓட்டுங்கள், பிறகு அடுத்தது. மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. பழைய எண்ணை போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது.

எல்லா கேமிலும் வரும் 3 செட்டிங்

பெயர் கேமுக்கு கேம் மாறும். ஆனால் அடிப்படை இந்த மூன்றுதான்.

கெயின்: மொத்த பலம். கேமில் கிளிப்பிங் காட்டும் மீட்டர் இருந்தால் அதைப் பாருங்கள். கெர்ப் மீது ஏறும்போது, பள்ளத்தில் விழும்போது நொடிப் பொழுது கிளிப் ஆனால் பரவாயில்லை. நீண்ட வளைவு முழுக்க மீட்டர் உச்சியிலேயே நின்றால் கெயினைக் குறைக்கணும். மீட்டர் இல்லையா? வேகமான நீண்ட வளைவில் ஸ்டீயரிங்கை வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதலாகத் திருப்புங்கள். வீல் லேசாகும் உணர்வு வரணும். வரவில்லை என்றால் குறையுங்கள்.

மினிமம் ஃபோர்ஸ்: இறுகிப்போன மேசை டிராயரை மெதுவாக இழுத்தால் அசையாது. ஒரு குறிப்பிட்ட பலம் கொடுத்த பிறகுதான் நகரும். கியர் வீல்களும் அப்படித்தான். சின்ன விசைகள் உராய்விலேயே காணாமல் போய், வீலின் நடுப்பகுதி செத்துப்போன மாதிரி இருக்கும். மினிமம் ஃபோர்ஸ் அந்த இழப்பை ஈடுகட்டுகிறது. பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். நேர் ரோட்டில் வீல் இடமும் வலமும் துடிக்க ஆரம்பித்தால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு படி இறங்குங்கள். டைரக்ட் டிரைவ் வைத்திருப்பவர்கள் பூஜ்யத்திலேயே விட்டுவிடலாம்.

டேம்பிங்: வீல் வேகமாகத் திரும்புவதைத் தடுக்கும் எதிர்ப்பு. தேனுக்குள் கரண்டியைச் சுழற்றுவது மாதிரி. அதிகமானால் நுணுக்கமான உணர்வு எல்லாம் அமுங்கிவிடும், கார் பின்பக்கம் வழுக்கும்போது வீல் வேகமாகத் திரும்பி உதவாது. கியர் வீல்களில் உராய்வு ஏற்கனவே இருப்பதால் இது தேவையே இல்லை. டைரக்ட் டிரைவில் நேர் ரோட்டில் ஆட்டம் வந்தால் மட்டும் சிறிதளவு சேர்க்கலாம்.

எந்த கேமுக்கு எப்படி?

அசெட்டோ கோர்ஸா

இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014-ல் வெளியிட்டது. இன்னும் பலர் விளையாடுகிறார்கள். இதில் பெடல்ஸ் என்ற சின்ன ஆப்பைத் திரையில் திறந்து வைத்தால், அதில் எஃப்எஃப்பி பட்டை தெரியும். கிளிப் ஆனால் சிவப்பாகும். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கீபோர்டின் நம்பர் பேட் கூட்டல், கழித்தல் பட்டன்களால் அந்தக் காருக்கு மட்டும் பலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பொதுவான கெயினைத் தொட வேண்டியதில்லை. 'என்ஹான்ஸ்டு அண்டர்ஸ்டியர்' செயற்கையானது, ஆஃப் செய்வது நல்லது.

கியர் வீல் வைத்திருப்பவர்களுக்கு கம்ப்யூட்டரில் ஒரு கூடுதல் வழி உண்டு. உங்கள் வீலை அளந்து, 'லட்' எனப்படும் ஒரு திருத்த அட்டவணையை உருவாக்கி கேமுக்குக் கொடுக்கலாம். அதைப் பயன்படுத்தினால் மினிமம் ஃபோர்ஸைப் பூஜ்யம் ஆக்கிவிடுங்கள். அந்தத் திருத்தம் அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வீல் துடிக்கும்.

அசெட்டோ கோர்ஸா காம்பெடிட்டிசியோனே

2019-ல் வந்தது. முழுக்க ஜிடி ரக கார்கள். இங்கே முதலில் கவனிக்க வேண்டியது 'ஸ்டீயர் லாக்'. வீல் சாஃப்ட்வேரில் எத்தனை டிகிரி வைத்தீர்களோ, அதே எண் இங்கேயும் இருக்கணும். 'டைனமிக் டேம்பிங்' காரின் ஓட்டத்துக்கு ஏற்ப மாறும் எதிர்ப்பு. அதை அப்படியே விடலாம். 'ரோடு எஃபெக்ட்ஸ்' கியர் வீலில் கடகட சத்தத்தைத்தான் கூட்டும். குறைவாக வையுங்கள்.

ஐரேஸிங்

2008-ல் தொடங்கிய ஆன்லைன் ரேஸிங் சேவை. கிளிப்பிங்கைத் தவிர்க்க இதில்தான் வேலை சுலபம். வேகம் குறைக்காமல் சில லேப் ஓட்டிவிட்டு, திரையில் வரும் 'ஆட்டோ' பட்டனை அழுத்தினால், அந்தக் காருக்கும் டிராக்குக்கும் ஏற்ற பலத்தை அதுவே கணக்கிடும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'மேக்ஸ் ஃபோர்ஸ்' என்ற எண்ணைக் கூட்டினால் வீல் லேசாகும், குறைத்தால் கனமாகும். எந்த அளவு விசை வந்தால் வீல் தன் முழு பலத்தைக் காட்டணும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 'லீனியர் மோட்' டைரக்ட் டிரைவுக்கு ஆன் செய்யுங்கள். பலம் குறைந்த கியர் வீலுக்கு ஆஃப் செய்தால் சின்ன விசைகள் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும்.

எஃப்1 கேம்கள்

ஃபார்முலா 1 காரில் ஸ்டீயரிங்கை லாரி மாதிரி சுற்றவே முடியாது. அதனால் இந்த கேம்களுக்கு 360 டிகிரி போதும். 900-லேயே விட்டு, கேமிலும் சரிசெய்யாமல் இருந்தால், ஹேர்பின் வளைவில் கை பின்னிக்கொள்ளும். 'ஆன் டிராக் எஃபெக்ட்ஸ்', 'ரம்பிள் ஸ்ட்ரிப் எஃபெக்ட்ஸ்', 'ஆஃப் டிராக் எஃபெக்ட்ஸ்' மூன்றையும் தாழ்வாக வைத்து, மொத்த பலத்தை முதலில் சரிசெய்யுங்கள். 'வீல் டேம்பர்' பூஜ்யத்தில் தொடங்கலாம்.

கிரான் டூரிஸ்மோ 7

பிளேஸ்டேஷனில் 2022 மார்ச்சில் வந்தது. இங்கே தலைவலி குறைவு, முக்கியமான ஸ்லைடர் இரண்டுதான். 'மேக்ஸ் டார்க்' மொத்த பலம். 'சென்சிட்டிவிட்டி' சின்ன விசைகளைத் தூக்கிக் காட்டுவது. இரண்டும் 1 முதல் 10 வரை. டார்க்கை 5, சென்சிட்டிவிட்டியை 1 என்று வைத்து ஆரம்பியுங்கள். கியர் வீல் என்றால் சென்சிட்டிவிட்டியை மெல்ல ஏற்றலாம். பலமான டைரக்ட் டிரைவ் என்றால் டார்க்கைக் குறைக்கலாம்.

ஃபோர்ஸா ஹொரைசன் 5

மெக்சிகோவைச் சுற்றி ஓட்டும் இந்த கேம் முதன்மையாக கன்ட்ரோலரை மனதில் வைத்து உருவானது. அதனால் வீலில் வேலை கொஞ்சம் அதிகம். 'சென்டர் ஸ்பிரிங்', 'வீல் டேம்பர்' இரண்டையும் முதலில் தாழ்த்துங்கள். மேலே சொன்ன டயர் இடைவெளி விஷயம் இங்கே 'நியூமேடிக் டிரெயில்' என்ற பெயரில் தனி ஸ்லைடராகவே இருக்கிறது. இதைக் கூட்டினால் டயர் வழுக்கும் நேரத்தில் வீல் லேசாவது நன்றாகத் தெரியும். 'மெக்கானிக்கல் டிரெயில்' என்பது சஸ்பென்ஷன் அமைப்பால் வரும், வழுக்கினாலும் மறையாத இழுவிசை. இது மிக அதிகமானால் அந்த எச்சரிக்கை அமுங்கிவிடும்.

ஆட்டோமொபிலிஸ்டா 2

பிரேசிலின் ரெய்ஸா நிறுவனத்தின் 2020 கேம். ஸ்லைடரைத் தொடும் முன் 'டிஃபால்ட்', 'டிஃபால்ட் பிளஸ்', 'ரா' என்ற ப்ரொஃபைல்களை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருக்கும். 'லோ ஃபோர்ஸ் பூஸ்ட்' என்பது மினிமம் ஃபோர்ஸுக்குத் தம்பி மாதிரி. கியர் வீலுக்குத் தேவை, டைரக்ட் டிரைவுக்குத் தேவையில்லை.

டர்ட் ராலி 2.0

மண் சாலையில் கார் பாதி நேரம் பக்கவாட்டில்தான் போகும். அதனால் வீல் தானாக வேகமாகத் திரும்பிக்கொள்ள வேண்டும். 'செல்ஃப் அலைனிங் டார்க்' அதற்குத்தான். 'டயர் ஃபிரிக்‌ஷன்' மண்ணின் பிடியைச் சொல்லும். இந்த இரண்டையும் மையமாக வைத்து, 'இன்ஜின்', 'கொலிஷன்' போன்றவற்றைக் குறையுங்கள். கோணத்துக்கு 540 டிகிரி பலருக்கும் வசதியாக இருக்கும்.

யூரோ டிரக் சிமுலேட்டர் 2

லாரி ஓட்ட 900 டிகிரி முழுசாக வேண்டும். இங்கே லேப் டைம் பந்தயம் இல்லை. மணிக்கணக்கில் ஓட்டுவதால், கை வலிக்காத அளவுக்குக் கெயினைத் தாழ்வாக வைப்பதே புத்திசாலித்தனம்.

அறிகுறியைப் பார்த்து மருந்து!

* நேர் ரோட்டில் வீல் துடிக்குதா? மினிமம் ஃபோர்ஸைக் குறையுங்கள். டைரக்ட் டிரைவ் என்றால் சிறிது டேம்பிங்.

* நடுவில் உணர்வே இல்லையா? மினிமம் ஃபோர்ஸைக் கொஞ்சம் ஏற்றுங்கள்.

* எல்லா வளைவும் ஒரே கனமா? கிளிப்பிங். கெயினைக் குறையுங்கள்.

* கார் நின்றிருக்கும்போதும் வீல் நடுவுக்கு இழுக்குதா? சென்டரிங் ஸ்பிரிங் எங்கோ ஆனில் இருக்கிறது.

* வலப்பக்கம் திருப்பினால் வீலும் வலப்பக்கமே ஓடுதா? விசையின் திசை தலைகீழாக இருக்கிறது. கேமில் 'இன்வர்ட்' ஆப்ஷனைப் பாருங்கள்.

* டிரிஃப்ட்டில் வீல் மெதுவாகத் திரும்புதா? டேம்பிங், ஃபிரிக்‌ஷன் இரண்டையும் குறையுங்கள்.

கை பத்திரம்!

கியர், பெல்ட் வீல்களில் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் டைரக்ட் டிரைவ் விளையாட்டுப் பொருள் அல்ல. கார் சுவரில் மோதும் நொடியில் வீல் திடீரென்று சுழலும். கட்டைவிரலை வீலின் கம்பிக்கு உள்ளே கொக்கி மாதிரி மாட்டியிருந்தால் விரல் சுளுக்கும், அதைவிட மோசமாகவும் அடிபடலாம். மோதப் போகிறது என்று தெரிந்தால் பிடியை விட்டுவிடுங்கள். புது கேமில் முதல் லேப் ஓட்டும்போது கெயினைப் பாதிக்கும் கீழே வைத்து ஆரம்பியுங்கள். வீட்டில் குழந்தைகள் உட்காருவதற்கு முன் பலத்தைக் குறைத்து வையுங்கள். எமர்ஜென்சி பட்டன் இருந்தால் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டுங்கள்.

செட்டிங் சரியானது எப்படித் தெரியும்?

ஒரு சின்ன சோதனை. தெரிந்த டிராக்கில் பத்து லேப் ஓட்டுங்கள். முன் டயர் வழுக்கப் போகிறது என்பதைத் திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறீர்களா, கையில் தெரிந்துகொள்கிறீர்களா? கையில் முதலில் தெரிந்தால் வேலை முடிந்தது. இனி ரோடு எஃபெக்ட், கெர்ப் எஃபெக்ட் என்ற மசாலாவை உங்கள் ருசிக்குச் சேர்த்துக்கொள்ளலாம்.

அதன்பிறகு ஸ்லைடரைத் தொடாதீர்கள். தினமும் மாற்றிக்கொண்டே இருந்தால் கை எதற்கும் பழகாது. ஒரு வாரம் அதே செட்டிங்கில் ஓட்டிப் பாருங்கள். 2 நியூட்டன் மீட்டர் வீலிலும் இந்த எச்சரிக்கை கைக்கு வரும். அது வர ஆரம்பித்த பிறகு, புது வீல் உண்மையிலேயே தேவைதானா என்று நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.